ஒரே பெயர், இரண்டு சிப்: சொல்லாமல் விடுவது எப்போது வஞ்சகம்?

2020 பிப்ரவரியில் அறிமுகமான சாம்சங் கேலக்ஸி எஸ்20 போன் நாட்டுக்கு ஏற்ப இரண்டு வேறு ப்ராசஸர்களுடன் விற்பனைக்கு வந்தது. அமெரிக்கா, சீனா, தென் கொரியா ஆகிய நாடுகளில் விற்றவற்றுக்குள் குவால்காமின் ஸ்னாப்டிராகன் 865 இருந்தது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் விற்றவற்றுக்குள் சாம்சங்கே வடிவமைத்த எக்ஸினோஸ் 990. பெயர் ஒன்று, தோற்றம் ஒன்று, விளம்பரம் ஒன்று. ஆனால் எக்ஸினோஸ் போன் விரைவில் சூடேறுகிறது, பேட்டரி முன்னதாகத் தீர்கிறது, நெடுநேரம் விளையாடினால் வேகம் தளர்கிறது என்று இரண்டையும் அருகருகே வைத்துச் சோதித்த பலர் பதிவு செய்தார்கள். எக்ஸினோஸ் போன்களை விற்பதை நிறுத்தும்படி அதே ஆண்டில் இணையத்தில் ஒரு கூட்டு மனு எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் அதில் கையெழுத்திட்டார்கள். சாம்சங்கின் தாய்நாட்டில் விற்ற எஸ்20-க்குள்ளேயே சாம்சங் சிப் இல்லை என்பது அவர்களின் மனத்தாங்கலை இன்னும் கூட்டியது.

வேகத்தைப் பற்றிய புகாராகத் தோன்றினாலும் இதற்குள் இருப்பது பழைய அறக்கேள்வி ஒன்று: பொய் ஏதும் சொல்லாமல், ஒன்றைச் சொல்லாமல் விட்டதால் மட்டுமே விற்பவர் தவறு செய்தவர் ஆவாரா?

அந்த எஸ்20-ஐ வாங்கியவர் உண்மையைத் தெரிந்துகொள்ளும் இடம் மிகச் சிறியது. செட்டிங்ஸின் கடைசியில் போனைப் பற்றிய பகுதியைத் திறந்தால் மாடல் எண் தெரியும். இந்தியாவில் விற்ற 4ஜி போனில் அது எஸ்எம்-ஜி980எஃப், கொரியாவின் 5ஜி போனில் எஸ்எம்-ஜி981என், அமெரிக்காவில் எஸ்எம்-ஜி981யு. ஓர் இலக்கமும் கடைசி எழுத்தும்தான் மாறுகின்றன. இந்தியாவில் 66,999 ரூபாய்க்கு அறிமுகமான ஒரு பொருளின் உள்ளடக்கம் அந்தச் சிறு வேறுபாட்டில் ஒளிந்திருந்தது. பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதியாளர் அல்லது தயாரிப்பாளர் முகவரி, தயாரிப்பு மாதம், ஆண்டு எல்லாம் அச்சிடப்பட வேண்டும் என்று இந்தியச் சட்டம் சொல்கிறது. சிப்பின் பெயர் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை.

இந்த மனத்தாங்கல் வெறும் பொறாமை என்று தள்ளிவிடுவோர் உண்டு. வாங்கிய போன் வேலை செய்கிறது. பக்கத்து நாட்டுக்காரன் போன் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்வதால் என்ன இழப்பு என்பது அவர்கள் வாதம். மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட உவமை இந்த வாதத்துக்கு ஒத்தாசை செய்வதுபோல் தெரியும். காலையிலிருந்து வெயிலில் உழைத்தவர்களும் மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவர்களும் ஒரே கூலி பெறுகிறார்கள். முன்னவர்கள் முணுமுணுக்கிறார்கள், பேசிய கூலியைத்தானே கொடுத்தேன் என்கிறார் தோட்டத்தின் உரிமையாளர். ஆனால் அந்தப் பதிலுக்கு வலு வருவது பேச்சு வெளிப்படையாக நடந்ததால்தான். ஒரு தெனாரியம் கூலி என்று முதலிலேயே சொல்லி, ஒத்துக்கொண்டு, அதையே கையில் கொடுத்தார். எஸ்20 வாங்கியவரிடம் பேசப்பட்டது ஒரு பெயர் மட்டுமே. உலகம் முழுவதும் அந்தப் பெயருக்கு வந்த பாராட்டுகளையும் சோதனை முடிவுகளையும் நம்பித்தான் அவர் பணம் கொடுத்தார். அதற்குள் வேறொன்று இருந்ததென்றால் அவர் குறைப்படுவதைப் பொறாமை என்று சொல்வது நியாயமில்லை.

வேறுபாடு வந்ததற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் வெரைசன், ஸ்பிரிண்ட் நெட்வொர்க்குகள் சிடிஎம்ஏ முறையில் ஓடிய காலத்தில் குவால்காம் மோடம் அங்கே ஏறக்குறைய தவிர்க்க முடியாததாக இருந்தது. 2012-இல் வந்த கேலக்ஸி எஸ்3 உலகின் பல நாடுகளில் நான்கு கோர் எக்ஸினோஸுடனும் அமெரிக்காவில் இரண்டு கோர் ஸ்னாப்டிராகனுடனும் விற்றது. கோர் எண்ணிக்கையில் அன்று குறைவாகப் பெற்றவர் அமெரிக்கர். ஒரே சப்ளையரை நம்பி இருக்கக் கூடாது என்ற வியாபாரக் கணக்கும் உண்டு. இரண்டு வகையும் ஒரே கடுமையான சோதனைகளைத் தாண்டித்தான் வருகின்றன என்று சாம்சங் சொல்லிவந்தது. இவற்றில் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்ல இடமில்லை. ஆனால் வேறுபாட்டுக்குக் காரணம் இருப்பது ஒரு விஷயம், அதை வாங்குபவரிடம் சொல்லாததற்குக் காரணம் இருப்பது வேறு விஷயம்.

சமய மரபுகள் இந்த இடத்தில் தெளிவாகப் பேசியிருக்கின்றன. நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரைத் தம்மைச் சேர்ந்தவராக ஏற்க மறுத்தார் என்று ஹதீஸ் கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் ஒற்றைக்கண் குதிரையை எடுத்துக்காட்டினார். கண் இல்லாதது வாங்குபவருக்கே தெரியும். விலையைக் குறைத்துக்கொண்டால் விற்பவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மறைந்திருக்கும் குறையை மட்டும் சொல்லியே ஆக வேண்டும்.

எக்ஸினோஸ் போன் நனைந்த தானியம் அல்ல, கண் போன குதிரையும் அல்ல. அது ஓடும் பொருள்தான். ஆகவே இதற்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ கி.மு. 44-இல் எழுதிய ‘கடமைகள்’ நூலின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் நல்ல தானியத்துடன் வந்து சேர்கிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவருக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? ஸ்டோயிக் ஆசிரியரான டயோஜெனஸ், சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், தெரிந்ததையெல்லாம் சொல்லக் கடமை இல்லை என்கிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், வாங்குபவர் அறியாத எதையும் விற்பவர் மறைக்கக் கூடாது என்கிறார். சும்மா இருப்பது வேறு, மறைப்பது வேறு என்பதை ஒத்துக்கொண்டபின் சிசரோ கோடு போடுகிறார்: தெரிந்தால் நன்மை பெறக்கூடியவருக்கு, தன் லாபத்துக்காகத் தெரியாமல் வைத்திருப்பதே மறைப்பு. அந்த வணிகர் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவர் தீர்ப்பு.

இதைப் போன்ற வழக்கில் அக்வினாஸ் கொஞ்சம் தளர்வு காட்டினார்: பின்னால் வருவது இனி நடக்கப்போவது, அதைச் சொல்வது உயர்ந்த குணமே தவிர நீதி கட்டாயப்படுத்துவது இல்லை என்றார். சிப் விஷயத்துக்கு அந்தத் தளர்வும் பொருந்தாது. அது வரப்போகும் கப்பல் அல்ல. விற்கும் பொருளுக்குள்ளேயே இருக்கிறது.

எல்லா உதிரிப் பாகத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்ற மறுப்பு கவனிக்கத்தக்கது. மெமரியையோ திரையையோ இரண்டு மூன்று கம்பெனிகளிடம் வாங்கிப் பொருத்துவது தொழிலில் சாதாரணம். அவை பயன்பாட்டில் ஒன்றுபோல் நடந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. இங்கே வைக்க வேண்டிய அளவுகோல் எளியது: தெரிந்திருந்தால் அவர் அதே விலைக்கு வாங்கியிருப்பாரா? கையில் உணரும் சூட்டிலும் சார்ஜ் நிற்கும் மணிக்கணக்கிலும் வேறுபாடு வந்தபின் அந்தக் கேள்வியைத் தவிர்க்க வழியில்லை. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, ஆற்றல், தூய்மை, தரநிலை, விலை ஆகியவற்றை அறியும் உரிமையைப் பட்டியலிடுகிறது. சிப் அதில் தரத்துக்குள்ளேயே அடங்கும் என்று கொள்வதே சரி.

விற்பனையோடு விஷயம் முடிவதில்லை. போன் என்பது பாதி பொருள், பாதி வாக்குறுதி. கேலக்ஸி எஸ்24-க்கு ஏழு ஆண்டு அப்டேட் உண்டு என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஏழு எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். அப்டேட் வந்து சேரும் நாள் ஒன்றல்ல. மோடம், கிராஃபிக்ஸ் போன்றவற்றை இயக்கும் மென்பொருள் சிப்புக்குச் சிப் வேறு. நாட்டுக்கு நாடு தனி ஃபர்ம்வேர். சில இடங்களில் சேவை நிறுவனமும் சோதித்து ஒப்புதல் தர வேண்டும். புது வசதிகள் சில வாரம் பிந்துவதால் யாருக்கும் பெரிய கேடு இல்லை. பாதுகாப்பு அப்டேட் அப்படி அல்ல. ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு ஓட்டைகள் 2015 முதல் தொடர்ந்து வெளிப்படையாக அறிவிக்கப்படுகின்றன. அறிவிப்பைத் திருடனும் படிக்கிறான். அப்டேட் வராத நாட்டுக்காரரின் போன் பூட்டு மாற்றப்படாத வீடு ஆகிவிடுகிறது.

2023 மார்ச்சில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான ப்ராஜெக்ட் ஜீரோ எக்ஸினோஸ் மோடம்களில் 18 ஓட்டைகளை அறிவித்தது. அவற்றில் நான்கு மிகக் கொடியவை: போன் எண் மட்டும் தெரிந்தால் போதும், உரிமையாளர் எதையும் தொடாமலே தாக்க முடியும். திருத்தம் வரும்வரை வைஃபை காலிங்கையும் வோல்ட்டி எனும் 4ஜி குரல் அழைப்பையும் அணைத்து வைக்கும்படி சொல்லப்பட்டது. பாதிக்கப்பட்டவற்றில் கேலக்ஸி எஸ்22 வரிசையும் இருந்தது. ஐரோப்பாவில் அது எக்ஸினோஸ் 2200-உடன் விற்றது. இந்தியாவுக்கு அந்த வரிசையில் ஸ்னாப்டிராகன் வந்திருந்தது. இந்த முறை ஆபத்து இடம் மாறி ஐரோப்பாவில் நின்றது. எஸ்22 வைத்திருந்த இந்தியர் தப்பியது அவர் கேட்டு வாங்கியதால் அல்ல. எஸ்22 வைத்திருந்த ஒருவர் அந்த எச்சரிக்கை தமக்கானதா என்று அறிய, முதலில் தம் போனுக்குள் எந்தச் சிப் இருக்கிறது என்று அறிய வேண்டியிருந்தது. போனின் பெயர் அதை அவருக்குச் சொல்லவில்லை.