நீரும் நலவாழ்வும்: அச்சமா, அறமா?

வறியோர்க்குத் தூய நீரும் மலசலகூட வசதியும் கிடைத்தல் வேண்டும் என்பதை இன்று மறுத்துரைப்பார் எவருமிலர். 2010ஆம் ஆண்டு யூலை 28ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இவ்விரண்டையும் மனித உரிமையென ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயின், ஏன் கிடைத்தல் வேண்டும் என்ற வினாவுக்கு நாம் அளிக்கும் விடைகள் ஒரு தன்மையன அல்ல. அயலவனைப் பற்றும் நோய் நம்மையும் பற்றும் என்பது ஒரு விடை. அவனும் மனிதன் என்பது மற்றொரு விடை. முன்னையது அச்சத்திற் பிறப்பது. பின்னையது அறத்திற் பிறப்பது. இரண்டும் ஒரே செயலுக்கு இட்டுச்செல்லுமாயின் காரணத்தை ஆராய்வதாற் பயன் யாது எனச் சிலர் வினவலாம். அவை எப்போதும் ஒரே செயலுக்கு இட்டுச்செல்வதில்லை என்பதையே இக்கட்டுரை எடுத்துக்காட்ட முனைகின்றது.

அச்சத்தின் வலிமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டன் இதற்குத் தக்க சான்று. கொலரா அந்நகரைப் பலமுறை தாக்கிற்று. 1854இல் சோகோப் பகுதியில் நிகழ்ந்த மரணங்கள் புறோட் வீதியிலிருந்த நீர்ப்பம்பியைச் சூழ்ந்தே செறிந்திருந்தமையை ஜோன் சினோ என்னும் மருத்துவர் சுட்டிக்காட்டி, நோய் நீர்வழிப் பரவுகின்றது என வாதிட்டார். எனினும், நகர் முழுவதற்குமான கழிவுநீர்த் திட்டத்துக்கு வழி பிறந்தது 1858ஆம் ஆண்டுக் கோடையிலேயே. தேம்சு நதியின் துர்நாற்றம் கரையிலிருந்த பாராளுமன்றத்துட் புகுந்தபின் சில வாரங்களுள் சட்டம் நிறைவேறிற்று. ஏழைகளின் மரணம் பல ஆண்டுகளாகச் சாதிக்காததை உறுப்பினர்களின் அசௌகரியம் சாதித்தது.

நமது யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இத்தகைய அச்சத்துக்கு நியாயமுண்டு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கில்லை. மாரிமழை சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளூடே இறங்கி நிலத்தடியிற் தங்குகின்றது. கிணறுகள் அந்நீரையே நம்பியுள்ளன. வளவுக்கு வளவு வேலியுண்டு; நிலத்தடி நீருக்கு வேலியில்லை. மலக்குழிகளிலிருந்து கசிவதும் தோட்டங்களில் இடப்படும் செயற்கை உரமும் அந்நீரையே சேர்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை, லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை கடக்கப்பட்டுள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு துண்டு நிலத்திற் பல குடும்பங்கள் நெருங்கி வாழ, கிணற்றருகே மலக்குழி வெட்ட நேர்வது அவர்களது இடர் மட்டுமன்று, ஊராரின் இடருமாகும். இங்கு தன்னலமும் பிறர்நலமும் ஒன்றையே வேண்டிநிற்கின்றன.

மலையகத்தை நோக்குமிடத்து நிலைமை வேறாகின்றது. தேயிலைத் தோட்டங்களிற் துரையின் பங்களா பெரும்பாலும் மேட்டிலே அமைந்திருக்கும். தொழிலாளரின் லயன்கள் தாழ்விலே இருக்கும். பல குடும்பங்கள் ஒரு குழாயையும் சில மலசலகூடங்களையும் பகிர்ந்து வாழும் நிலை பிரித்தானியர் காலத்தில் தொடங்கியது. இன்றும் அது முற்றாக நீங்கவில்லை. தாழ்வில் மாசுற்ற நீர் மேட்டுக்கு ஏறுவதில்லை. மலசலகூடமின்மையால் இருள் சூழும்வரை காத்திருக்கும் பெண்ணின் துன்பமோ எவரையும் தொற்றுவதில்லை. கடமைக்கு அச்சமே ஊற்றாயின், மேட்டிலிருப்போனுக்கு இவர்கள்பால் யாதொரு கடமையுமில்லை என்றே நாம் முடிவுகொள்ள வேண்டும். இம்முடிபை நமது மனச்சான்று ஏற்காது. மனிதரை வெறுங் கருவியாகக் கொள்ளாது, நோக்கமாகவும் மதித்தல் வேண்டும் என்றார் செர்மானிய மெய்யியலறிஞர் இம்மானுவேல் கான்ற். நமது கிணற்றைக் காக்கும் பொருட்டு மட்டும் அயலவனுக்கு மலசலகூடம் அமைப்போமாயின், அவனை நாம் காண்பது நோயின் ஊற்றாகவேயன்றி மனிதனாக அன்று.

அவ்வாறாயின், இரக்கம் ஒன்றே போதுமா? இதற்கும் நமது கிணற்றடிகளே விடையிறுக்கும். சாதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் ஒடுக்கப்பட்டோர் உயர்சாதியினரின் கிணற்றிற் துலாவைத் தொடுதல் இயலாது. பிறரொருவர் வந்து அள்ளி ஊற்றும்வரை அவர்கள் காத்துநின்றனர். அவர்களுக்கு நீர் கிடைத்தது, மதிப்புக் கிடைக்கவில்லை. ஊற்றுபவர் மனங்கொள்ளாத நாளில் வெறுங்குடத்துடன் திரும்ப நேர்ந்தது. திருவிழாக் காலத் தண்ணீர்ப்பந்தல் போற்றத்தக்கதே. எனினும், நாள்தோறும் எழும் தேவை ஒருவரது நல்லெண்ணத்தைச் சார்ந்து நிற்றல் தகாது. தருமத்துக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுவே: தருமத்தைப் பெறுபவன் நன்றி கூறலாம், கிடைக்காதபோது கேள்வி கேட்க அவனால் இயலாது.

எத்தனை அடி ஆழத்திற் குழி வெட்டுவது, கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் வெட்டுவது என்பவற்றைப் பொறியியலாரும் மருத்துவரும் கூறுவர். அத்திட்டம் எத்தகைய உறவை மனிதரிடையே தோற்றுவிக்கின்றது என வினவுதல் நம் அனைவரதும் பொறுப்பாகும். ஒரு குடியிருப்பிற் குழாய் திறந்துவைக்கப்பட்டமை மட்டும் வெற்றியாகாது. அக்குழாய் வற்றிய நாளில், அங்கு வாழும் ஏழைப் பெண்ணொருத்தி உரிய அலுவலகத்துக்குச் சென்று, தலைகுனியாது காரணம் கேட்கவும் விடைபெறவும் இயலுமாயின், அங்கே அறம் நிலைபெற்றுள்ளது எனத் துணிந்து கூறலாம்.