ஐயமும் நன்றியும்: பொதுப்பொருள் பற்றிய ஓர் அறவிசாரணை

பலருக்கும் பொதுவான ஒரு பொருள் எவருடைய பொறுப்பு என்னும் வினா, மனிதர் கூடிவாழத் தலைப்பட்ட காலந்தொட்டு எழுந்துவரும் வினாவாகும். ஊர்க்கிணறும் வயல் வாய்க்காலும் கோயிலும் நூல்நிலையமும் இவ்வினாவைத் தத்தம் வழியில் எழுப்பியுள்ளன. எல்லோருக்கும் உரியது எவருடைய கடமையும் அன்று என்னும் மனப்பான்மை வளருமிடத்துக் கிணறு தூர்ந்துபோவதையும் வாய்க்கால் அடைபடுவதையும் ஊரவர் கண்டிருக்கின்றனர். இன்றோ கண்ணுக்குப் புலப்படாத பொதுப்பொருள்களும் தோன்றியுள்ளன. மட்டக்களப்பு வாவிக்கும் கிழக்குக் கடலுக்கும் இடைப்பட்ட நாவற்குடாவிலிருந்து மாணவி ஒருத்தி தன் கட்டுரையைத் தொலைவிலுள்ள ஆசிரியருக்குக் கணினிவழி அனுப்புகின்றாள் எனக் கொள்க. அது கடந்து செல்லும் கணினிகள் பலவற்றிலே, அவள் பெயரறியாத பலர் ஊதியம் கருதாது எழுதிக்கொடுத்த நிரல்கள் இயங்கிக்கொண்டிருக்கும். அவை வஞ்சனையின்றி இயங்கும் என அவள் நம்புகின்றாள்; தான் நம்புவதைக்கூட அவள் உணர்வதில்லை. இந்த உணரப்படாத நம்பிக்கை அறத்தின்பாற்பட்டதா, அன்றி வெறும் அசட்டைதானா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அத்தகைய நிரல்களுள் ஒருவகை கோப்புச் சுருக்கி எனப்படுவது. பெரிய கோப்பொன்றைச் சிறிதாக்கி வைப்பதும், வேண்டியபோது ஓரெழுத்தும் பிசகாமல் மீண்டும் விரிப்பதும் அதன் தொழில். நூலுக்குரிய அழகு பத்தனுள் சுருங்கச் சொல்லலையும் விளங்க வைத்தலையும் நன்னூலார் முதலிரண்டாக அடுத்தடுத்து வைத்தமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் சிவ் என்னும் இருவர் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இதற்கு அடிப்படையாயிற்று. முன்னர் வந்த சொற்றொடர் மீண்டும் வருமாயின் அதனைத் திரும்ப எழுதாது, ‘இத்தனை எழுத்துக்கு முன்னே சென்று இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்னும் குறிப்பை மட்டும் இடுதலே அம்முறையின் சாரம். பிற்காலத்தில் இகோர் பவ்லோவ் என்பார் இதனை வளர்த்து ஆக்கிய முறையைத் தழுவி, பின்லாந்து நாட்டினரான லாசே கொலின் ‘எக்ஸ் இசட்’ என்னும் சுருக்கியை உருவாக்கினார். எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடியதாக அதன் மூலநிரல் திறந்து வைக்கப்பட்டது. லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் அது இடம்பெற்றது. ஆயினும் நெடுங்காலமாக அதனைப் பேணியவர், ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி உழைத்த அவ்வொருவரே.

2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ‘ஜியா டான்’ என்னும் பெயரில் ஒருவர் இப்பணிக்கு உதவ முன்வந்தார். அவர் அனுப்பிய திருத்தங்கள் பயனுடையனவாகவே இருந்தன. 2022இல் வேறு சில பெயர்களில் எழுதியோர், பணி தாமதமாகின்றது என்றும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் கொலினை நெருக்கினர். தாம் நெடுநாளாக மனநலக் குறைவினால் வருந்துவதையும், இது ஊதியமில்லாத பணி என்பதையும் அவர் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். நெருக்குதல் ஓயவில்லை. படிப்படியாகப் பொறுப்பு ஜியா டானின் கைக்குச் சென்றது. 2024 பெப்ரவரி 24ஆம் நாள் 5.6.0 பதிப்பும், மார்ச் 9ஆம் நாள் 5.6.1 பதிப்பும் வெளிவந்தன. இரண்டினுள்ளும் களவு வாயில் ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது.

மறைத்த விதமே மிகவும் சிந்திக்கத்தக்கது. மூலநிரலை இயங்கு நிரலாகக் கட்டியெழுப்புவதற்கு ஒரு வழிமுறைக் கோப்பு வேண்டும். மாற்றங்கள் யாவும் பதிவாகும் பொதுக் களஞ்சியத்தில் இல்லாத சில வரிகள், வெளியீட்டுக்கென அமைத்த பொதியினுள் இருந்த வழிமுறைக் கோப்பிலே சேர்க்கப்பட்டிருந்தன. நஞ்சோ வேறிடத்தில் இருந்தது. சுருக்கி ஒன்று பழுதுற்ற கோப்பையும் அடையாளங்கண்டு மறுக்கின்றதா எனச் சோதிப்பதற்கு மாதிரிக் கோப்புகள் வைத்திருப்பது வழக்கம். மனிதர் படித்தறிய இயலாத அத்தகைய மாதிரிகளினுள்ளே அது ஒளிக்கப்பட்டிருந்தது. கட்டியெழுப்பும் வேளையில் வழிமுறைக் கோப்பு அதனை எடுத்து நிரலோடு கலந்துவிடும். தொலைவிலிருந்து கணினியுள் நுழைய உதவும் காவல் நிரல், சில லினக்ஸ் தொகுப்புகளில் இச்சுருக்கியின் துணைநூலகத்தோடு இணைந்திருந்தது. ஆகவே இரகசியத் திறவுகோலை உடைய ஒருவர் மட்டும் அக்கணினிகளில் தாம் விரும்பிய கட்டளையை இயக்கக்கூடிய நிலை உருவாயிற்று.

இதனைக் கண்டுபிடித்தவர் காவலுக்கென அமர்த்தப்பட்ட ஒருவரல்லர். மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் தரவுத்தளப் பணியாற்றிய அன்ட்ரெஸ் ஃபுரொய்ண்ட் வேறொரு சோதனையை நடத்திக்கொண்டிருந்தபோது, கணினியுள் நுழைவதற்கு வழமையைவிட ஏறத்தாழ அரை விநாடி மிகுதியாகச் செல்வதைக் கவனித்தார். அரை விநாடிதானே என அவர் விட்டுவிடவில்லை. காரணத்தைத் தேடிச்சென்று, 2024 மார்ச் 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். அந்நஞ்சு அப்போது டெபியன், பெடோரா முதலியவற்றின் சோதனைப் பதிப்புகளை எட்டியிருந்ததேயன்றிப் பெரும்பாலோர் பயன்படுத்தும் நிலையான பதிப்புகளைச் சென்றடையவில்லை. ஜியா டான் என்னும் பெயரின் பின்னால் நின்றவர் எவர் என்பது வெளிப்படவில்லை.

இந்நிகழ்ச்சி எழுப்பும் முதல் வினா, திறந்திருத்தல் மட்டும் போதுமா என்பது. பல கண்கள் பார்க்குமிடத்துப் பிழை மறைந்திருக்க இயலாது என்பது திறந்த மூல இயக்கத்தாரின் நம்பிக்கை. ஆனால் பார்க்கலாம் என்பது வேறு, பார்க்கின்றார்கள் என்பது வேறு. கதவு திறந்திருப்பதனாலேயே எவரோ உள்ளே சென்று பார்த்திருப்பார் என ஒவ்வொருவரும் எண்ணினால், எவருமே பாராத வீடாக அது ஆகிவிடும். எனினும் திறந்திருத்தல் பயனற்றது என்பதும் பொருந்தாது. மூலம் மூடப்பட்டிருந்தால், அந்த அரை விநாடியின் காரணத்தைத் தேடிச்செல்ல ஃபுரொய்ண்டுக்கு வழி எளிதிற் கிடைத்திராது. திறப்பு வாய்ப்பைத் தருகின்றது. அவ்வாய்ப்பை மெய்யாக்குவது ஒருவரின் உழைப்பு.

அவ்வாறாயின் எவரையும் நம்பாதிருப்பதே அறிவுடைமையாகுமா? கணினியறிஞர் கென் தொம்சன் 1984இல் வெளியான தமது உரையில், மூலநிரலில் ஒரு தடயமும் இல்லாமலே அதனை மாற்றித்தரும் கருவியினுள் களவு வாயிலை ஒளித்துவைக்க முடியும் எனக் காட்டினார். முழுவதையும் தானே ஆக்காத ஒருவர் எங்கோ ஓரிடத்தில் பிறரை நம்பியே ஆகவேண்டும் என்பது அதனாற் பெறப்படும். அன்றியும், முகமறியாப் புதியவர் யாவரையும் ஐயுற்று விலக்கினால், நாளை தான் கண்ட பிழையொன்றைத் திருத்தி அனுப்பும் நாவற்குடா மாணவியும் விலக்கப்படுவாள். அவளும் அவர்களுக்கு முகமறியாதவளே. வஞ்சகன் ஒருவனுக்கு அஞ்சி உதவ வரும் நல்லோர் பலரைப் புறந்தள்ளுதல், வஞ்சகன் செய்யாது விட்ட கேட்டைத் தாமே செய்து முடிப்பதாகும்.

தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், ஆராயாது நம்புதலும் நம்பியபின் ஐயுறுதலும் ஆகிய இரண்டுமே தீராத் துன்பம் தரும் என்கின்றார். இங்கோர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. கொலின் ஆராயாது நம்பினார் எனக் கூறுதல் நியாயமன்று. தொடர்ந்து வந்த நற்பணியைக் கண்டபின்பே அவர் நம்பினார். ஆராய்ந்து வைத்த நம்பிக்கையும் பொய்த்ததென்றால் அக்குறள் காட்டும் நெறி தவறிற்றா? தவறவில்லை எனலாம். அந்நெறி ஒருவனைத் தேர்ந்து ஒரு வினையை ஒப்படைக்கும் அரசனை நோக்கியது. உலகமே பயன்கொள்ளும் பொருளின் முழுப்பாரத்தையும் களைத்துப்போன ஒருவர் தோள்மீது ஏற்றிவிட்டு, அவர் ஆராய்ச்சி பிழைத்தது எனக் கூறுவோர் தம் பங்கு யாது என்பதைக் கூறுவதில்லை. பிழை அவருடைய நம்பிக்கையில் இல்லை. அவரைத் தனியே விட்டதில் உள்ளது.

மட்டக்களப்புப் பகுதியில் கோயிலின் சொத்தையும் வரவு செலவையும் மேற்பார்ப்பவரை வண்ணக்கர் என அழைப்பது வழக்கு. வண்ணக்கன் என்னும் சொல்லுக்கு நாணயத்தின் மாற்றுப் பார்ப்பவன் என்பது பழம்பொருள். காசை உரைத்துப் பார்ப்பது கொண்டுவந்தவனைக் கள்வன் எனப் பழிப்பதாகாது. நல்ல காசு நல்லதென்று ஊரறிய நிலைபெறுவது அந்த உரைப்பினாலேயே. யாவருடைய காசும் ஒருங்கே உரைக்கப்படுமிடத்து எவருக்கும் அவமதிப்பில்லை. ஐயம் ஓர் ஆளை நோக்கும்போது பகையாகின்றது; ஒரு வழக்கமாக நிலைபெறும்போது யாவருக்கும் காப்பாகின்றது.

மென்பொருளுலகிலும் இவ்வழக்கத்துக்கு இடமுண்டு. வெளியீட்டுப் பொதியிலுள்ள கையொப்பத்தைச் சரிபார்த்தல் நன்று. ஆயினும் கையொப்பம் அனுப்பியவர் எவர் என்பதையே கூறும், அவர் உள்ளத்தைக் கூறாது. ஆதலால் பொதுக் களஞ்சியத்திலுள்ள மூலத்தையும் பொதியையும் ஒப்பிடுதல், ஒரே மூலத்தைப் பலர் தனித்தனியே கட்டியெழுப்பி விளைவு எழுத்துக்கெழுத்து ஒத்திருக்கின்றதா எனக் காணுதல் ஆகியன வேண்டும். பயன்படுத்துவோருக்கும் கடமையுண்டு. தம் லினக்ஸ் தொகுப்பினர் சோதித்து வழங்கும் பதிப்பையே பெறுதல், எச்சரிக்கை வந்தால் தாமதியாது மாற்றுதல், அறியாதவர் அனுப்பிய சுருக்கக் கோப்பை விரிக்காதிருத்தல் ஆகியன அவற்றுட் சில. எக்ஸ் இசட் நிரல் ஒரு கோப்பைச் சுருக்கி முடித்ததும் மூலக்கோப்பைத் தானாகவே நீக்கிவிடும் இயல்புடையது. எனவே மூலத்தை வைத்திருக்குமாறு பணித்து, சுருக்கியதைச் சோதித்துப் பார்த்த பின்னரே மூலத்தை அழித்தல் தக்கது.

கொலின் பின்னர் அக்களஞ்சியத்தைத் தாமே துப்புரவாக்கி, 2024 மே மாத இறுதியில் நஞ்சு நீக்கிய 5.6.2 பதிப்பை வெளியிட்டார். தம் பெயருக்கு வந்த பழியைத் தம் உழைப்பினாலேயே அவர் துடைக்க வேண்டியிருந்தது. அவர் ஆக்கித்தந்ததை ஆண்டுக்கணக்கில் விலையின்றிக் கொண்ட உலகம் அவருக்குத் திருப்பிக் கொடுத்தது யாது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. நன்றி என்பது வாயாற் கூறும் சொல்லோடு அமைவதன்று. பிறர் தந்ததைக் கவனித்துப் பார்த்தலும், கண்ட பிழையைப் பணிவோடு அறிவித்தலும், இயன்ற சிறு வேலையொன்றை ஏற்றலும், களைத்தவரை நெருக்காதிருத்தலும் நன்றியே. அந்த அரை விநாடியைப் பொருட்படுத்திய ஒருவரது கவனம் கணக்கற்ற கணினிகளைக் காத்தது. அத்தகைய கவனம் நாவற்குடாவிலிருந்து எழுதும் மாணவிக்கும் இயலாததொன்றன்று. அது இயலும்போது, அவளுடைய உணரப்படாத நம்பிக்கை அறமாக மாறுகின்றது.