துயிலுந் தவளையும் அருளின் முறையும்

உயிர்கட்கு இரங்குதல் சைவர்க்கு உரிய தலையாய அறமென்பது யாவரும் அறிந்ததே. ஆயின், அவ்விரக்கம் எவ்வுயிர்மாட்டுச் செல்கின்றதோ அவ்வுயிரின் இயல்பினை அறியாவிடத்து, அஃது அறமாய் நிற்குமோ, இடராய் முடியுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

முன்னர் எம்பாற் பாடங்கேட்டு, இன்று கனடா நாட்டில் வாழும் அன்பரொருவர் அண்மையில் எமக்கு முடங்கல் விடுத்தனர். குளிர்காலத்தில் தந் தோட்டத்துச் சருகுக் குவியலைக் கிளறியபோது, கல்லென விறைத்த தவளையொன்றைக் கண்டனராம். இரங்கி வீட்டினுட் கொணர்ந்து வைப்ப, மறுநாட் காலையில் அஃது அசைந்தெழுந்தது, குழந்தைகள் களித்தனர். பன்னாள் உணவு கொள்ளாமையின் மீட்டும் வெளியே விடுத்தனர். அன்றிரவு கடுங்குளிர், விடியலில் இறந்து கிடந்தது. தாம் செய்தது புண்ணியமோ பாவமோ என்பது அவர் வினா.

விடை கூறுமுன் அவ்வுயிரின் இயல்பை நோக்குதும். நம் நாட்டுத் தவளைகளுட் சில, கோடையில் மண்ணினுட் புதைந்து கிடந்து, மழை பெய்தவழி வெளிப்படுகின்றன. அங்ஙனமே குளிர்நாட்டுத் தவளைகள் பனிக்காலத்தைத் துயின்று கழிக்கும். சில குளத்தினடியிற் கிடந்து, நீரிற் கலந்த உயிர்க்காற்றைத் தோலாற் கவர்ந்து வாழும். வட அமெரிக்கக் காட்டுத் தவளையோ சருகினடியில் உறைந்தே விடுகின்றது. அதன் உடல்நீரில் நூற்றுக்கு 65 பங்குவரை பனிக்கட்டியாகும்; மூச்சும் நெஞ்சத் துடிப்பும் நின்றுவிடும். ஈரலினின்று பெருகுஞ் சர்க்கரை உயிரணுக்களைச் சிதையாது காக்கும். இளவேனிலில் உருகி மீண்டும் உயிர்த்தெழும். உறைந்தும் உயிர்வாழுந் தவளைகளைப் பற்றி வில்லியம் சிமிட் என்னும் அறிஞர் 1982-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர்.

ஆகவே, அன்பர் கண்டது காப்பாரின்றி வருந்திய உயிரன்று. காக்கப்பட்டுக் கிடந்த உயிர். சருகும் மேற்படிந்த பனியுமே அதற்குப் போர்வை. வெப்பத்தால் விழித்தமையின் சேமித்த ஊட்டம் செலவாயிற்று, உண்ணப் பூச்சியில்லை, பின் போர்வையுமின்றி வெளியே விடப்பட்டது.

அற்றேல், கண்டும் வாளா இருத்தல் வன்னெஞ்சாகாதோ எனின், கூறுதும். வாளா இருத்தல் வேண்டா. நனைத்த கையால் மெல்ல எடுத்து, கண்ட இடத்திலேயே வைத்துச் சருகால் மூடுக. அவ்விடம் அழிந்ததாயின், அணித்தாயுள்ள ஈரமான நிழலிற் கட்டையினடியிலேனுங் கல்லினடியிலேனும் வைத்து மூடுக. வெப்பமூட்டற்க, உணவூட்டற்க. அதற்கு வேண்டும் பணிவிடை இவ்வளவே.

திரோதான சத்தி மலத்தின்வழி நின்று மறைத்தலும் அருளே என்பது நம் சித்தாந்தத் துணிபு. மலம் பரிபாகம் எய்துங்காறும் அம்மறைப்பே உயிர்க்குத் துணையாம். தவளையை ஈண்டு உவமித்தது ஒருபுடை ஒப்புமை பற்றியே என்க. இறைவனே பருவம் நோக்கி நிற்ப, நாம் விரைதல் யாங்ஙனம் பொருந்தும்?

எம் பிழையொன்றும் ஈண்டு மறைத்தற்பாலதன்று. முப்பதாண்டுகட்கு முன், மந்தனெனத் தோன்றிய மாணாக்கன் ஒருவனை, அவன்பால் வைத்த அன்பினாலேயே நெருக்கிச் சிவஞானபோதத்திற் புகுத்தினோம். சில திங்களில் அவன் பாடத்தையே விட்டகன்றான். பின் எந்நூலையுந் தொட்டிலன் எனக் கேள்வியுற்றோம். யாம் இரங்கியது அவன்பொருட்டோ, எம் மகிழ்ச்சியின்பொருட்டோ என எம்மை வினாவிக்கொண்டது அதன் பின்னரே.

ஆகலின், அன்பர்க்கு யாங் கூறும் விடை இது: நும் இரக்கம் புண்ணியமே, அதன் இயல்பை வினாவாது விரைந்தது குற்றம். அடுத்த பனிக்காலத்தில் அச்சருகுக் குவியலைக் கிளறாது விடுதலே அதற்குக் கழுவாய்.