சம்மதித்துத்தானே இறங்கினான்?



உங்கள் மகன் ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ இரசாயனம் பயிலுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை அவன் கையாள வேண்டியிருக்கிறது. அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு அது. நம்மூர்க் கல்லூரிகளிலும் கிப் கருவியில் இதை உண்டாக்கியே உப்புப் பரிசோதனை நடத்தினார்கள். (வகுப்பு முடிந்து வந்த பிள்ளையை, முதலில் குளித்துவிட்டு வா என்று விரட்டாத தாயார் உண்டோ?) அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள்தான் வேலை. நச்சுக்காற்றை வெளியே இழுக்க விசிறி உண்டு. வாயு கசிந்தால் அலறும் கருவியும் உண்டு. உன் உயிர் விலையேறப்பெற்றது என்று அந்தக் கட்டடமே அவனுக்குச் சொல்லுகிறது.

அன்று மாலை ஊர்ச் செய்தியை வாசிக்கிறான். மலக்குழியில் இறங்கியவர் மரணம். அவரைத் தூக்கப்போனவரும் மரணம்.

மூடிய தொட்டியில் கழிவு அழுகும்போது உண்டாவது அதே வாயுதான். காற்றைவிடக் கனமானதால் அடியிலே தங்கும். சேற்றைக் கிளறினால் குபீரென்று எழும். பத்து இலட்சம் பங்கு காற்றில் இது ஏறக்குறைய 100 பங்கு கலந்தாலே மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டதே, இனிப் பயமில்லை என்று மனிதன் எண்ணுகிற வேளைதான் மிகவும் பொல்லாத வேளை. 1,000 பங்கை எட்டினால் ஓரிரண்டு மூச்சில் விழுவான். மேலே நிற்கிற தம்பியோ மைத்துனனோ பதறிக் குதிப்பான், அவனும் போவான்.

ஆகவே, அறியாமையால் நேர்ந்த சாவு என்று சொல்ல நமக்கு வழியில்லை. சட்டமும் இல்லாமலில்லை. 1993-இல் ஒன்று, 2013-இல் அதனினும் கடுமையான மற்றொன்று. பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடையிலோ மலத்தொட்டியிலோ இறக்குவது நகராட்சிக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் குற்றம். முதல் தடவைக்கே இரண்டாண்டு வரை சிறையுண்டு. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. கேரளத்து இளம் பொறியாளர்கள் செய்த 'பண்டிக்கூட்' இயந்திரம் 2018-லேயே திருவனந்தபுரத்துச் சாக்கடைகளில் இறங்கியது.

பின் என்ன குறை? "கூலி பேசினோம், சம்மதித்துத்தானே இறங்கினான்" என்கிறோம். நியாயம்போலத்தான் தொனிக்கிறது. ஆனால், கூண்டும் விசிறியும் வேண்டாம், எனக்குச் சம்மதமே என்று உங்கள் மகன் எழுதிக்கொடுத்தால் அவனுடைய ஆசிரியர் விட்டுவிடுவாரா? நீங்கள்தான் விடுவீர்களா? ஒருவன் சம்மதத்தைச் சம்மதமாகவே எண்ணாமல் அவனைத் தடுக்கிறோம். மற்றவன் சம்மதத்தை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறோம். அந்த மற்றவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான், அவன் தகப்பன் என்ன வேலை செய்தான் என்பதும் நாம் அறியாததல்ல. மேல்நாட்டார் நம்மிலும் புண்ணியவான்கள் என்று நான் சொல்லவரவில்லை. இந்த வேலைக்கென்றே ஒரு சாதியாரைப் பிறப்பிலேயே ஒதுக்கிவைத்தது நம் நாடு என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

உங்கள் வீட்டுத் தொட்டியும் ஒருநாள் நிறையும். லாரிக்காரரை அழைக்கும்போதே, அடிச்சேற்றை எப்படி எடுப்பீர் என்று கேளுங்கள். குழாயும் தண்ணீர்ப் பீச்சலும் போதாது, ஒரு ஆள் இறங்குவான் என்பாரானால் வேறு லாரிக்குச் சொல்லுங்கள். இரண்டு நாள் தாமதமாகட்டும். வீட்டில் நாற்றமடித்தாலும் அடிக்கட்டும்.