வீதி யாருடைய தானம்?

புதிய வீதியொன்று திறந்து வைக்கப்படுகிறது. நாடா வெட்டப்படுகின்றது, மாலைகள் விழுகின்றன. "இவ்வீதியை எமக்குத் தந்த" அமைச்சருக்கு நன்றி கூறும் பதாகையும் தொங்குகின்றது. அன்புள்ள வாசகரே, "தந்த" என்னும் அச்சொல்லைச் சற்று நின்று நோக்குங்கள். தந்தவர் யார்? யாருடைய பணத்தைத் தந்தார்? எவரிடம் கணக்குக் காட்டினார்?

வீதிக்குப் பணம் வரும் வழிகள் மூன்று. வரிப்பணத்தில் அமைத்தால் எல்லோரும் கொடுக்கிறோம். கடன் வாங்கி அமைத்தால் நம் பிள்ளைகள் கொடுப்பார்கள். தனியார் கம்பனி அமைத்துக் கட்டணம் அறவிட்டால் பயணம் செய்வோர் கொடுப்பர். "தனியார் கட்டுகின்றனர், அரசுக்குச் சதமும் செலவில்லை" என்று சொல்லப்படும்போது நாம் மகிழ்ந்து விடுகிறோம். ஆனால் கம்பனி தருமச் சத்திரம் அன்று. போட்ட முதலையும் வட்டியையும் இலாபத்தையும் அது திரும்பப் பெற்றே தீரும். ஆகவே பணம் செல்லும் வழி மாறுகிறதேயன்றி, இறுதியில் திறக்கப்படும் பை மக்களுடையதே.

மக்கள் பணத்தைச் செலவிடுமுன் மக்களின் பிரதிநிதிகள் அனுமதிக்க வேண்டும். செலவிட்டபின் அவர்களே பரிசோதிக்க வேண்டும். இதுவே பாராளுமன்ற முறையின் உயிர். பிரித்தானியாவில் 1861இல் பகிரங்கக் கணக்குக் குழு அமைக்கப்பட்டது. 1866இல் கணக்காய்வாளர் பதவி சட்டத்தால் உறுதி பெற்றது. அக்குழுவின் தலைமை எதிர்க்கட்சியினருக்கே வழங்கப்படுவது அங்குள்ள மரபு. ஆளுங்கட்சி தன் கணக்கைத் தானே பார்த்துத் தலையசைத்துவிடக் கூடாதென்பதே அதன் கருத்து. இம்முறையின் வழியில் 1921இல் இலங்கையிலும் பகிரங்கக் கணக்குக் குழு தோன்றியது. பொது நிதியின் மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியதென எமது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை கூறுகின்றது.

தனியார் பணம் புகுந்ததும் இக்காவல் எவ்வாறு தளர்கிறது என்பதற்கு ஸ்கொட்லாந்தின் ஸ்கை தீவுப் பாலம் நல்ல பாடமாகும். முன்னெல்லாம் பிரித்தானியாவில் கட்டணப் பாலங்களுக்குப் பாராளுமன்றத்தில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. செவேர்ன் பாலத்துக்கு 1965இலும், டார்ட்ஃபர்ட் பாலத்துக்கு 1988இலும் அவ்வாறே நடந்தது. 1991ஆம் ஆண்டின் புதிய சட்டத்தின் பின் அமைச்சரின் கட்டளை மூலமே கட்டணம் விதிக்க வழி பிறந்தது. 1992இல் ஸ்கை பாலத்துக்கு அத்தகைய கட்டளை பிறந்தது.

1995 ஒக்டோபரில் பாலம் திறக்கப்பட்டது. அந்நீரிணையில் ஓடிய அரசுடைமைப் படகுச் சேவை அத்துடன் நின்றது. கோடை காலத்தில் ஒரு கார் ஒருமுறை கடப்பதற்கு 5 பவுணுக்கும் மேல்! தேவாலயத்துக்கும் வைத்தியசாலைக்கும் செல்வோருக்கு அருகில் வேறு வழியில்லை. பலர் கட்டணம் செலுத்த மறுத்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாயினர். கணக்காய்வு அறிக்கை 1997இல் வெளிவந்தது. ஆனால் அப்போது ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பாலத்தில் வாகனங்களும் ஓடிக்கொண்டிருந்தன. 1999இல் ஸ்கொட்லாந்துக்கென ஒரு பாராளுமன்றம் அமைந்த பின்னரே தீவு மக்களின் குரல் அண்மையில் கேட்டது. 2004 டிசம்பரில் ஏறத்தாழ 27 மில்லியன் பவுண் பொதுப்பணம் கொடுத்துப் பாலத்தை அரசு வாங்கிக் கட்டணத்தை ஒழித்தது. சதமும் செலவில்லை என்பதன் முடிவு எங்கே வந்து நின்றது பார்த்தீர்களா?

தனியார் முதலீடே பாவம் என்பது எமது வாதமன்று. அரசிடம் பணமில்லாத வேளையில் ஒரு பாலத்துக்காகப் பல தலைமுறைகள் காத்திருப்பதும் கொடுமையே. அரசு தானே அமைக்கும் வீதியிலும் ஊழல் நுழையலாம். கொந்தராத்து உறவினருக்குப் போகலாம். கேள்வி, பணம் யாருடையது என்பதன்று. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பதே. வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது. "வர்த்தக இரகசியம்" என்ற திரையை இழுத்து ஒப்பந்தத்தை மறைக்கும் அமைச்சர், வீட்டை ஈடு வைத்துவிட்டு உறுதியைப் பிள்ளைகளுக்குக் காட்ட மறுக்கும் தகப்பனுக்கு ஒப்பானவர்.

இது தூரதேசக் கதையெனத் தள்ளிவிடாதீர்கள். 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக வீதி ஆசிய அபிவிருத்தி வங்கியினதும் ஜப்பானினதும் கடனுதவியால் உருவானது. 2022 ஏப்ரலில் எமது நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்த நேர்ந்தது. அதற்கு வீதிகள்தாம் காரணம் என்பது நியாயமாகாது. ஆனால் கடன் எதுவாயினும், ஒப்பமிடுவோர் சிலர், சுமப்போர் எல்லோரும் என்னும் உண்மையை அவ்வாண்டு அடுப்படி வரை வந்து உணர்த்தியது.

நமது கிராமத்து மரண உதவிச் சங்கத்தில் நூறு ரூபா குறைந்தாலும் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்கிறோம். கோடிக்கணக்கில் செலவாகும் வீதியைப் பற்றி மட்டும் ஏன் மௌனம்? அது நம் பணமன்று என எண்ணுவதாலன்றோ? வாக்குக் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஒப்பமிடுமுன் ஒப்பந்தம் பாராளுமன்றத்தில் வைக்கப்படுமா? நட்டம் வந்தால் அதைச் சுமப்பவர் யார்? கட்டணம் எந்நாளில் நிற்கும்?

வீதி தானமன்று, நாம் கொடுத்து வாங்கியது. தானம் பெற்றவன் கைகூப்பி நிற்கலாம். கொடுத்தவனோ கணக்குக் கேட்கக் கடமைப்பட்டவன்.