ரெயில் பெட்டிக்குள் தர்மம்



மாசி 20, அய்யா வைகுண்டர் அவதாரத் திருநாள். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களுக்கு அன்று உள்ளூர் விடுமுறை. நாகர்கோவில் நாகராஜா கோவில் திடலில் இருந்து சுவாமித்தோப்புத் தலைமைப்பதி வரை காவிக்கொடியும் முத்துக்குடையுமாக ஊர்வலம் போகும். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போன மக்கள், லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்த ஊர்வலத்தில் கொஞ்ச தூரமாவது நடந்துவிட வேண்டும் என்று வந்து சேருகிறார்கள். அந்த நாள் சனி, ஞாயிறை ஒட்டி வந்துவிட்டால் ரெயிலில் கால் வைக்க இடம் இருக்காது. பொங்கல், தீபாவளிக்கும் அப்படியே.

முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு இது 120 நாளாக இருந்தது. பண்டிகை நாள் என்றால் கையில் எடுத்த காப்பி ஆறுவதற்குள் காத்திருப்போர் பட்டியல் தொடங்கிவிடும். தட்கல் முந்தின நாள் திறக்கும், ஏ.சி. பெட்டிக்கு 10 மணி, சாதாரணப் படுக்கைக்கு 11 மணி. அதுவும் கை வேகம் உள்ளவருக்குத்தான். மீதிப் பேர் அத்தனை பேரும் போய் ஏறுவது பொதுப்பெட்டியில். ஒரு பொதுப்பெட்டிக்கு 90 அல்லது 100 இருக்கை. பண்டிகை இரவில் அதற்குள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தவர் இல்லை. எண்ணுவதற்கு உள்ளே நடக்க முடிந்தால்தானே?

பதியில் மேல்சட்டை கழற்றி, தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமம் இட்டு நிற்கும்போது தர்மத்தை நினைப்பது எளிது. அங்கே மனம் தானாக அடங்கிவிடும். ஆனால் தூக்கம் கெட்டு, கால் கடுத்து, ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடிக்கும் இடத்தில் அதே மனிதரிடம் தர்மம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டவனிடம் தர்மம் பேசலாமா, அவன் இடத்தை அவன் காத்துக்கொள்வதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

நாகர்கோவில் சந்திப்பில் தினமும் நடக்கிற ஒன்றைப் பார்க்கலாம். ஒருவர் பெட்டி வாசலில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "அண்ணே, கொஞ்சம் உள்ள தள்ளுங்க, ஒரு ஆளு நிக்க எடம் போதும்" என்று கெஞ்சுகிறார். யாரோ தள்ளி நிற்கிறார்கள். அவர் ஏறிக்கொள்கிறார். வள்ளியூரில் ரெயில் நிற்கும்போது ஒரு குடும்பம் பையும் பிள்ளையுமாக அதே வாசலுக்கு ஓடி வருகிறது. இப்போது அதே மனிதர் கதவை மறித்து நின்று, "இங்க எடமே இல்ல, அடுத்த பெட்டிக்குப் போங்க" என்கிறார். ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் கெட்டவர் அல்ல. பொய் சொல்லுகிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றாது. உள்ளே வந்ததும் அவர் கண்ணுக்குப் பெட்டி நிறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

கலி எங்கே இருக்கிறது என்று கேட்டால் கூட்டத்தைக் காட்டுவதும் காலத்தைக் காட்டுவதும் வழக்கம். அய்யா காட்டியது மனிதனுக்குள் இருக்கும் மாயையை. வெளியே நின்றபோது உலகம் எப்படித் தெரிந்தது என்பதை உள்ளே வந்ததும் மறக்கடிக்கிறதே, அதைவிடப் பெரிய மாயை எது? பதிகளிலும் தாங்கல்களிலும் பள்ளியறையில் சிலை இல்லை, நிலைக்கண்ணாடிதான் இருக்கிறது. வணங்க வந்தவர் காண்பது தன் முகத்தை. வள்ளியூர் நடைமேடையில் வாசலுக்கு வெளியே நின்று கெஞ்சுவதும் அதே முகந்தான்.

"தள்ளிப் போ" என்ற சொல் அய்யாவின் மக்களுக்குப் புதிதும் அல்ல. திருவிதாங்கூர் அரசாட்சியில் இவர்களின் முன்னோர் எல்லா வழியிலும் நடக்க முடியாது. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. தலையில் துணி கட்டக் கூடாது. பெண்கள் இடுப்பில் தண்ணீர்க்குடம் வைக்கக் கூடாது, மார்பை மறைக்கக் கூடாது. கூலி இல்லாத ஊழியம், அதற்கு மேல் வரி. உட்காரவும் நிற்கவும் நடக்கவும் இடம் இல்லாமல் இருந்தவர்களைத்தான் அய்யா ஒரே முத்திரிக் கிணற்றில் குளிக்க வைத்தார், ஒரே பந்தியில் உண்ண வைத்தார். பதினெட்டுச் சாதிக்கும் அதே தண்ணீர்.

வாகைப்பதியில் துவையல் தவசு இருந்த 700 குடும்பத்தாரை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். கடற்கரையில், மண்ணில், நெருக்கத்தில் இருந்தார்கள். துவைத்து உடுத்தார்கள், சேர்ந்து சமைத்து உண்டார்கள். வசதி இருந்ததால் ஒழுங்கு வந்தது என்று அங்கே சொல்ல முடியாது.

அப்படி வந்த வழியில் இன்று நடப்பவர்கள் துண்டு போட்டு இடம் பிடிக்கலாமா? கசப்பாக இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவதாரத் திருநாளுக்குக் குழுவாக வருகிறவர்களில் இரண்டு இளைஞர் முன்னால் ஓடி ஏறி, இருபது பேருக்குத் துண்டும் பையும் போட்டு வைக்கும் வழக்கம் இருக்கிறது. பின்னால் வரும் ஒரு வயதான அம்மாள் வெறும் இருக்கையைப் பார்த்து உட்காரப் போனால், "ஆள் வருது" என்று பதில் வருகிறது. அந்தத் துண்டு எது? முன்னோர் தலையில் கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்ட அதே துணி. மானத்தோடு நிமிர்ந்து நிற்கத் தலையில் கட்டச் சொன்ன துணியை, இன்னொருவரை எழுப்பிவிடுவதற்கா பலகையில் விரிப்பது? நெற்றியில் நாமம் இருக்கும்போது இதைச் செய்தால் பார்க்கிறவர் அந்த ஆளைக் குறை சொல்ல மாட்டார், அய்யாவின் மக்கள் இப்படித்தான் என்பார். (அன்னதர்மப் பந்தியிலும் சிலர் துண்டு போடத்தான் செய்கிறார்கள். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

முன்பதிவு செய்தவர் காரியம் வேறு. 60 நாளைக்கு முன்னால் விழித்திருந்து, மூட்டு வலிக்கும் தாய்க்குக் கீழ்ப்படுக்கை எடுத்தவர் அதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் கட்டளை இட முடியாது. அந்தப் படுக்கையில் நான்கு பேர் வந்து உட்கார்ந்துகொண்டு, "ஒரு ராத்திரிதானே, பொறுத்துக்கிடுங்க" என்பது பொறுமையைப் போதிப்பது அல்ல. பொறுமை தானாகக் கொடுப்பது. அடுத்தவரிடம் கேட்டு வாங்குவதற்கு வேறு பெயர் உண்டு. 1989-ஆம் வருடத்து ரெயில்வே சட்டம்கூட இரண்டு பக்கமும் பார்க்கிறது. ஒதுக்கப்பட்ட இடத்தில் உரிமை இல்லாமல் ஏறி, இறங்க மறுத்தால் குற்றம். பொதுவான பெட்டியில் உரிமையோடு ஏற வருகிறவரைத் தடுத்தாலும் குற்றம். முதல் குற்றத்தை எல்லாரும் அறிவார்கள். இரண்டாவது குற்றம் ஒன்று இருக்கிறது என்பது வாசலை அடைத்து நிற்பவர்களில் பலருக்குத் தெரியாது.

ஆகவே நீதி ஒரு எல்லை வரை வழி சொல்லிவிடுகிறது: என் சீட்டு எனக்கு, உன் சீட்டு உனக்கு. தர்மத்துக்கு வேலை வருவது அதற்குப் பிறகுதான். படுக்கை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை படுப்பதற்கு. மற்ற நேரத்தில் அது எல்லாரும் உட்காரும் பலகை. ஆர்.ஏ.சி. சீட்டு உள்ள இரண்டு பேர் ஒரே பலகையில் விடிய விடியக் காலை மடக்கி உட்கார்ந்து வருகிறார்கள். அவர்கள் முன்பின் தெரியாதவர்கள். சட்டம் இரண்டு அந்நியரை அப்படி உட்கார வைக்க முடியும் என்றால், அன்பு எத்தனை பேரை உட்கார வைக்கலாம் என்பதை அந்தந்த மனிதர்தான் பார்க்க வேண்டும்.

கூடுதல் ரெயில் விடாத அரசாங்கத்தைக் கேட்காமல் பயணிக்குப் புத்தி சொல்வதா என்று ஒரு பேச்சு உண்டு. நியாயமான பேச்சு. கூடுதல் ரெயிலும் கூடுதல் பொதுப்பெட்டியும் கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும். அய்யா மன்னனின் கொடுமையைக் கண்டு வாய் மூடி இருந்தவர் அல்ல. அதற்காகத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகப்பட்டுச் சிறையும் இருந்தார். ஆனால் மன்னன் சட்டம் மாற்றட்டும், அப்புறம் சேர்ந்து உண்ணலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. ஊழியமும் வரியும் இருந்த காலத்திலேயே பந்தி நடந்தது. சிறப்பு ரெயில் வரும் வருடத்தில் வரட்டும். வள்ளியூரில் அந்தக் குடும்பம் இப்போது நிற்கிறது, வண்டி இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடும்.

2023 டிசம்பர் 17-ஆம் தேதி இரவு, பெருமழையில் திருச்செந்தூர் – சென்னை ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப் போயிருந்தது. ரெயிலை நிறுத்தி வைத்ததால் பெரிய ஆபத்து தப்பியது. சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினரை அருகில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். மற்றவர்களைச் சுற்றி வெள்ளம். 19-ஆம் தேதிதான் மீட்பு முடிந்தது. இடையில் அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தது பக்கத்து ஊர்க்காரர்கள். அந்த ஊரிலும் அதே மழைதான் பெய்தது. சோறு கொண்டுவந்தவர் எந்தப் பெட்டி, என்ன சீட்டு என்று பார்த்தா கொடுத்திருப்பார்?

நின்றுபோன ரெயிலில் சுரக்கும் அன்பு ஓடுகிற ரெயிலில் ஏன் வற்றிவிடுகிறது என்பது யோசிக்க வேண்டியது. வெள்ளத்தில் நிற்கும்போது யாருக்கும் போய்ச் சேரும் அவசரம் இல்லை, காத்துக்கொள்ள ஒரு மூலையும் இல்லை. எல்லாரும் வெளியே நிற்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். வண்டி ஓடும்போது ஆளுக்கு ஒரு சாண் பலகை இருக்கிறது. இழப்பதற்கு ஒரு சாண் இருந்தால் போதும், மனம் கதவை மூடிக்கொள்ளும்.

இருக்கை கொடுப்பதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். கூட்டத்தில் அதைவிட முக்கியமானது வழி. பண்டிகை இரவில் பொதுப்பெட்டியில் ஏறும் பெண்களில் பலர் மத்தியானம் முதலே தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறை வாசல் வரை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், உள்ளேயும் மூட்டை இருக்கும், கேட்கக் கூச்சமாக இருக்கும். நாகர்கோவிலில் இருந்து சென்னைக்கு 12 மணி நேரம் போல ஆகும். சர்க்கரை நோய் உள்ள அம்மாமாரும் பிள்ளை சுமக்கிற பெண்களும் இப்படித்தான் வருகிறார்கள். நடைவழியில் மூட்டை போடாமல் இருப்பதற்கு யாரும் எதையும் இழக்க வேண்டியதில்லை. "அம்மா, போய்ட்டு வாங்க, எடத்த நாங்க பாத்துக்கிடுதோம்" என்று சொல்வதற்குக் காசும் ஆகாது. இரும்பு நடைவழி ஒரு முழ அகலந்தான். வழி மறிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த ஒரு முழத்தைத் திறந்து வைக்கலாம்.

குழுவாக வருகிறவர்கள் உட்கார முறை வைத்துக்கொண்டால் முதல் முறையைத் தங்கள் ஆட்களுக்குக் கொடுக்காமல் பக்கத்தில் நிற்கும் வெளியாளுக்குக் கொடுக்கலாம். திருநெல்வேலி வரை ஒருவர், கோவில்பட்டி வரை ஒருவர், மதுரை வரை ஒருவர். குழுத் தலைவர் கடைசியில் உட்காரட்டும். பதியில் பரிமாறுகிறவர் கடைசியில்தானே உண்ணுகிறார்?

இதற்கு மேல் கணக்குப் போட முடியாது. நடு இரவில் கீழ்ப்படுக்கையில் ஒருவர் படுத்திருக்கிறார். சீட்டு அவருடையது, காலையில் இறங்கியதும் வேலைக்குப் போக வேண்டும். எதிரே கைப்பிள்ளையோடு ஒரு பெண், சீட்டு உறுதியாகாமல் தவறுதலாக அந்தப் பெட்டியில் ஏறியவள், பரிசோதகர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கச் சொல்லியிருக்கிறார். அதுவரை அவள் நிற்க வேண்டும். சட்டம் படுத்திருப்பவர் பக்கம். அவரை எழுப்ப அவளுக்கு வாயில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. காலை மடக்கிக்கொண்டு, "இப்படி உக்காரும்மா" என்று அவர் சொன்னால், அதைப் பார்க்க அந்த நேரத்தில் விழித்திருப்பவர் எவரும் இல்லை.