மொழிபெயர்க்காத கேள்வி

2003இல், போர்நிறுத்தக் காலத்தில், ஆய்வாளர் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளனாகக் கற்பிட்டிப் பக்கத்து அகதி முகாமொன்றுக்குப் போயிருந்தேன். கிடுகுக் கொட்டிலின் வாசலில் இருந்த உம்மா ஒருவர் 1990 ஒக்டோபரைச் சொன்னார். யாழ்ப்பாணத்தை விட்டுப் போகப் புலிகள் கொடுத்த இரண்டு மணி நேரம், பூட்டாமல் விட்டு வந்த வீடு. சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்து, "தம்பி, போன மாசமும் ரெண்டு பேர் வந்து இதத்தான் கேட்டாங்க. அவங்கட படிப்பு முடிஞ்சிதா?" என்றார்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

சமாதான ஆய்வைத் தொழிலாகக் கொண்டவர், தமக்குக் கதை தந்தவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? 1959இல் ஒஸ்லோவில் சமாதான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய ஜொஹான் கல்துங், வெடிச்சத்தம் ஓய்வது மட்டும் சமாதானமல்ல என்றார். துவக்கு வெடிக்காமலே மனித வாழ்வைக் குறுக்கிவிடும் அமைப்பையும் வன்முறையென்றே கொண்டு, 1969இல் அதைக் 'கட்டமைப்பு வன்முறை' என விளக்கினார். அந்த உம்மாவின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியாது. கல்துங்கின் நாடான நோர்வேயின் அனுசரணையில் 2002இல் துவக்குகள் ஓய்ந்தன. அவர் கொட்டிலிலேயே இருந்தார். பேச்சுவார்த்தை மேசையில் முஸ்லிம்களுக்குத் தனித்தரப்பாக ஆசனமும் இருக்கவில்லை.

ஆகவே ஆய்வே வீண் என்று சொல்ல நான் தயாரில்லை. எழுதப்படாத இழப்பை மறுப்பது இலகு. மன்னார் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த புவியியல் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், வடபுல முஸ்லிம்களின் இழப்புகளை ஆவணமாக்கினார். 2018இல் காலமாகும் வரை அந்த விடயத்தை விடவில்லை. அவருக்கு 'களம்' என்பது போய்த் திரும்பும் இடமல்ல, சொந்த ஊர். ஆனால் சொந்தக்காரன் என்பதே ஒருவனை நேர்மையானவனாக்கி விடாது. எனக்கு அந்த உம்மாவின் பேச்சும் தெரியும், வலியும் தெரியும். இருந்தும் வந்தவரின் மனம் சங்கடப்படக்கூடாதென்று கேள்வியை விழுங்கியவன் நான்தான். (அன்றைய கூலியும் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்?)

ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்திட்டார். கதையைத் தர ஒப்பியது அது. அதன் கதி என்னவென்று கேட்பதற்குப் படிவத்தில் இடமிருக்கவில்லை. நம் பேச்சில் அமானிதம் என்றொரு சொல் உண்டு: ஒப்படைத்தவர் எப்போதும் வந்து விசாரிக்கலாம். அவர் விசாரித்தார், இடையில் நான் நின்றேன்.

பிறகு அந்தக் கட்டுரை வெளிவந்தது. இரண்டு மணி நேரமும் பூட்டாத வீடும் அதில் சரியாகவே இருக்கின்றன. நன்றியுரையில் என் பெயர் இருக்கிறது.